விற்காமலே சம்பாதிக்கலாம், தெரியுமா?

பொருளை விற்றால் கைவிட்டுப் போய்விடும். ஆனால் மூளையில் உதித்ததை நூறு பேருக்குக் கொடுத்தாலும் அது நம்மிடமே இருக்கும்! வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவதுபோல, நம் கண்டுபிடிப்பையும் கதையையும் பிறர் பயன்படுத்த நிபந்தனையோடு அனுமதி தருவதுதான் உரிமம். அந்த நிபந்தனைகள் செய்த மாயங்களைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள்!

கம்ப்யூட்டர் உலகையே வளைத்த நிபந்தனை தெரியுமா?

1980. ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் கேட்டபோது, மைக்ரோசாஃப்ட்டிடம் அதற்கு ஏற்றது சொந்தமாக இல்லை! சியாட்டிலில் இருந்த ஒரு சிறு நிறுவனத்திடம் மொத்தம் 75,000 டாலர் கொடுத்து வாங்கி, செப்பனிட்டு, ஐ.பி.எம்.முக்கு வழங்கியது. விற்கவில்லை, உரிமம் மட்டுமே! மற்றவர்களுக்கும் வழங்கும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம். பாணியில் கம்ப்யூட்டர் செய்யப் பல நிறுவனங்கள் கிளம்பியபோது, அத்தனை பேரும் வந்து நின்றது மைக்ரோசாஃப்ட் வாசலில்தான்!

பொம்மையே இல்லாத பொம்மைப் பெட்டி விற்றது தெரியுமா?

‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் சம்பளத்தை உயர்த்திக் கேட்கவில்லை. படத்தின் பெயரில் பொருள்கள் விற்கும் உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் கேட்டுப் பெற்றார். 1977இல் படம் சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, பொம்மைகள் தயாராகவில்லை! உரிமம் பெற்றிருந்த கென்னர் நிறுவனம் வெறும் அட்டை உறையை விற்றது. அதிலிருந்த சீட்டை நிரப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். அதையும் மக்கள் வாங்கினார்கள்!

நோயுற்ற குழந்தைகளுக்காக உழைக்கும் கதை தெரியுமா?

‘பீட்டர் பேன்’ நாடகத்தைப் படைத்த ஜே.எம். பாரி, 1929இல் அதன் உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். 1937இல் அவர் மறைந்தார். 50 ஆண்டுகள் கழித்து பதிப்புரிமை காலாவதியானது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சும்மா விடவில்லை! 1988இல் சட்டம் போட்டு, பிரிட்டனில் அந்த நாடகத்துக்கான ராயல்டி காலவரையின்றி மருத்துவமனைக்கே சேர வழி செய்தது.

ஒரு டாலருக்குக் கைமாறிய உயிர்மருந்து தெரியுமா?

1923இல் ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் காலிப்பும் இன்சுலின் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் வழங்கியது, தரத்தையும் கண்காணித்தது. உரிமம் இங்கே நோயாளிக்குக் காவலாக நின்றது!

டீக்கடையில் ஸ்கேன் செய்யும் கட்டத்துக்குக் கட்டணம் இல்லை, தெரியுமா?

மூன்று மூலைகளில் சதுரம், நடுவே கறுப்புப் புள்ளிகள். கியூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் வாகன உதிரிபாகங்களைக் கணக்கிட உருவாக்கியது. காப்புரிமை இருந்தும், தரவிதிப்படி பயன்படுத்துவோரிடம் காசு கேட்கவில்லை. அதனால்தான் உலகமெங்கும் பரவியது!

மருந்து விலையை உரிமம் உடைத்தது தெரியுமா?

சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான பேயர் நிறுவன மருந்து ‘நெக்ஸவார்’. ஒரு மாதத்துக்கு 120 மாத்திரைகள், அப்போது விலை சுமார் 2.8 லட்சம் ரூபாய்! 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளர் சம்மதம் இல்லாமலே அரசு தரும் உரிமம், ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கிடைத்தது. விலை 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது! பேயரின் காப்புரிமை பறிபோகவில்லை; 6 சதவீத ராயல்டி விதிக்கப்பட்டது. மறு ஆண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் உரிமத்தை உறுதிசெய்து, ராயல்டியை 7 சதவீதமாக்கியது.

உங்களுக்கும் சட்டம் துணை நிற்கிறது, தெரியுமா?

நீங்கள் எழுதிய கதைக்கோ அமைத்த மெட்டுக்கோ உரிமம் கொடுக்கிறீர்களா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லையா? 5 ஆண்டுதான்! எல்லை குறிப்பிடவில்லையா? இந்தியாவுக்குள் மட்டும்தான்! ஆகவே பேனாவைத் திறக்கும் முன் கேளுங்கள்: யாருக்கு, எதற்காக, எத்தனை ஆண்டு, எந்த நாடுவரை? ‘எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்ற வரி இருந்தால், அதை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள்!