சென்னை எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 11 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது 50 விநாடி வேலை. பால்கோவா டப்பாவைத் திறப்பதற்குள் ஊர் வந்துவிடும்! ஆனால் கணக்கு அவ்வளவு லேசு இல்லை நண்பர்களே. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் தூரம். நமக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை. அது இருப்பது வடக்கு அட்சம் 9.83 டிகிரி, கிழக்குத் தீர்க்கம் 78.09. சென்னை விமான நிலையம் 12.99, 80.17. வித்தியாசம் 3.16, 2.08. துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை 10,000 கி.மீ.; அதை 90 டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. தீர்க்க ரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், அந்த 111-ஐ அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். நம் பக்கம் அது 109. ஆக, வடக்கே 351 கி.மீ., கிழக்கே 227 கி.மீ. பிறகென்ன, பிதாகரஸ்தான்! விடை 418 கி.மீ. முதல் வருஷக் கணக்கு இங்கே உதவுகிறது பாருங்கள்.

இனி நேரம். 418-ஐ 800-ஆல் வகுத்தால் 31 நிமிஷம். ஆனால் டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். ஏன்? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சென்னையில் போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வரிசையில் காத்திருந்து இறங்க வேண்டும். ஆயிரம் அடி இறங்க 3 கடல் மைல் என்பது விமானிகளின் கணக்கு. 30,000 அடியில் பறந்தால், சென்னைக்கு 90 கடல் மைல், அதாவது 167 கி.மீ. இருக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏறுவதற்கும் இதுபோல் தூரம் போய்விடும். முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரந்தான்.

சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ. தூரம் நாலு மடங்கு. நேரமோ ஏறக்குறைய இரண்டேமுக்கால் மணி, அதாவது இரண்டு மடங்கு சொச்சம். ஏறி இறங்கும் நேரம் எல்லாப் பயணத்துக்கும் பொதுச் செலவு. தூரம் கூடக் கூடத்தான் அது கட்டுபடியாகும்.

இது நமக்கு எதற்கு? நம்மில் பலருக்கு இன்டர்வியூ சென்னையில்தான் வரும். காலை 7 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் போக இரண்டரை மணி, அங்கே சோதனை, காத்திருப்பு ஒண்ணரை மணி, பயணம் ஒண்ணேகால், இறங்கி ஊருக்குள் போக ஒரு மணி. மொத்தம் ஆறேகால் மணி நேரம். வீட்டை விட்டு ராத்திரி 3 மணிக்கே கிளம்ப வேண்டும். ராஜபாளையத்துக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரம் 486 கி.மீ. வகுத்துப் பாருங்கள்: வாசலிலிருந்து வாசலுக்கு மணிக்கு வெறும் 78 கி.மீ.!

பொதிகை எக்ஸ்பிரஸில் முந்தின நாள் சாயங்காலம் ஏறினால் சுமார் பத்து மணி நேரம். ஆனால் அது தூங்குகிற நேரம். பகலில் ஒரு மணிகூட வீணில்லை. விமானக் கட்டணத்தில் சிறு பங்குதான் செலவு. எங்கள் வீட்டில் இதுவரை விமானம் ஏறியவர் யாருமில்லை; எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கடன் வாங்கியாவது பிளேனில் போனால்தான் வேலைக்குப் போய்ச் சேர முடியும் என்று யாராவது சொன்னால், ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.