மலையேறும் கடல்மீன்

கடல்மீனின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, அதைச் சூழ்ந்திருக்கும் கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும். இந்த இழப்பை ஈடுகட்ட மீன் கடல்நீரையே குடிக்கிறது. அதோடு உள்ளே போகும் உப்பைச் செவுள்கள் வெளியே தள்ளுகின்றன. புதிய தொட்டிக்கு மாறும்போது மீனுக்கு முதல் சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. சுற்றியுள்ள நீரில் உப்பு சட்டென்று குறைந்தால் மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். சட்டென்று கூடினால் உடல்நீர் வற்றிப்போகும். அன்றைக்கு நன்றாக நீந்திய மீன் ஓரிரு நாளில் செத்து மிதக்கலாம்.

கடலோர ஊர்களில் இந்தச் சிக்கல் சற்று எளிது. சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகத்துக்குக் கடல் எதிரிலேயே இருந்தது. ஜவ்வாது மலையில் நிலைமை வேறு. அங்குள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து வங்கக்கடல் நேர்கோட்டில் அளந்தாலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு மீனைப் போளூர் வழியாக மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுவர ஏறக்குறைய அரை நாள் ஆகிவிடும். மீன் மட்டுமல்லாமல், அது வாழ வேண்டிய நீரும் வெளியிலிருந்து வரும் பொருளைக் கொண்டே உருவாக வேண்டும்.

சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் கலந்திருக்கின்றன. இவை உரிய விகிதத்தில் சேர்ந்த செயற்கைக் கடல் உப்பு கடைகளில் கிடைக்கிறது. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கணக்கில் கரைத்தால் கடல்நீரின் உப்புத்தன்மை வரும். ஹைட்ரோமீட்டரில் அது 1.025 அளவில் நிற்கும். போர்வெல் நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள உப்புகள் கணக்கைக் குழப்பிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை, நீர் மட்டுமே போகிறது. ஆகவே குறைந்த அளவை நல்ல நீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற்றியே தொட்டியைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர்.

நீர் தயாரானதும் மீனை விட்டுவிட முடியாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டரிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை தொட்டி காலியாகவே இருக்க வேண்டும்.

எந்த மீனை வாங்குவது என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. கடலில் பிடித்த மீன் வலை, படகு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று பல கை மாறி, பட்டினியோடும் ஒட்டுண்ணியோடும் வருகிறது. பண்ணையில் குஞ்சிலிருந்தே வளர்த்த மீனுக்கு இந்த அலைச்சல் குறைவு. தொட்டி வாழ்வும் தூள் தீவனமும் அதற்குப் பழக்கம். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் வெற்றி கண்டுள்ளன. முதன்முதலாக வளர்ப்பவருக்கு இப்படி வளர்த்த கோமாளி மீனைவிடப் பொருத்தமான மீன் இல்லை. கடற்குதிரை, பவளம், கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்ததாகச் சொல்லி யாராவது இவற்றை விற்றால், வாங்குபவரும் குற்றத்தில் பங்காளி ஆகிறார்.

கடையில் மீனுக்குத் தீனி போடச் சொல்லிப் பார்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. தின்னாத மீன், வேகமாக மூச்சிரைக்கும் மீன், கல்லில் உடம்பைத் தேய்க்கும் மீன், வயிறு ஒட்டிய மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே இருக்கட்டும்.

பயணத்தில் பாலித்தீன் பைக்குள் நடப்பதுதான் பலருக்கும் புரியாத பகுதி. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி ஆக்சிஜனும் அடைக்கிறார்கள். மீன் மூச்சுவிட விட, வெளிவரும் கரியமில வாயு நீரில் கரைந்து அதன் பி.எச். அளவைக் குறைக்கிறது. அதே நேரம் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே போகிறது. பி.எச். 7 அளவில் அதில் சுமார் அரை சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும்; மற்றதெல்லாம் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது. பி.எச். ஒரு படி ஏறினால் நச்சு அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்கு ஆகிவிடும். பயணம் முழுவதையும் தாங்கிய மீன், வீட்டு வாசலில் பை திறந்த பிறகு செவுள் வெந்து சாவது இதனால்தான்.

எனவே பையின் வாயை அவிழ்த்துவைத்து, மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக நீர் சேர்க்கும் முறை, பக்கத்துக் கடையிலிருந்து வந்த மீனுக்குத்தான் பொருந்தும். நெடும்பயணம் செய்த மீனுக்கு வேறு வழி வேண்டும். கடைக்காரரிடம் அவர் தொட்டியின் உப்பு அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டில் புது மீனை முதலில் தனியாக வைக்கும் தனிமைத் தொட்டியின் நீரை முன்கூட்டியே அதே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மீன் வந்ததும் மூடிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகிவிடும். பிறகு பையைத் திறந்து, உப்பை ஒருமுறை அளந்து சரிபார்த்து, மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றலாம். பை நீரை ஒரு சொட்டுகூடத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் அம்மோனியாவும் இருக்கிறது, கடைத் தொட்டியின் நோயும் இருக்கிறது. அடுத்த சில நாட்களில் உப்பு அளவை மெல்ல மெல்ல முதன்மைத் தொட்டியின் அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம்.

மலைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பை புடைக்கும். இறுக்கி நிரப்பிய பை கசியலாம் என்பதால் இரட்டைப் பை போடச் சொல்ல வேண்டும். மார்கழி இரவில் ஜவ்வாது மலையின் குளிர் கடல்மீனுக்கு ஆகாது. மீனுக்குத் தேவை 25 டிகிரியை ஒட்டிய வெப்பம். ஹீட்டர் இல்லாமல் அது நடக்காது. பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் அவசியம்.

தனிமைத் தொட்டி ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் வெள்ளைப்புள்ளி நோயைப் பார்க்காதவர்கள். கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் மூன்று முதல் ஏழு நாள் தங்கி, உப்புத்தூள் போன்ற புள்ளிகளாகத் தெரிந்து, பின் உதிர்ந்து மணலில் கூடு கட்டிக்கொள்கிறது. புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டதென்று வளர்ப்பவர் மகிழும் வேளையில், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் அது நூற்றுக்கணக்காகப் பெருகிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடிக்கும்; சில 72 நாள் வரைகூட உறங்கிக் கிடக்கும். இந்த நோய் முதன்மைத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியைப் பத்துப் பதினோரு வாரம் மீனில்லாமல் விடுவதைத் தவிர உறுதியான வழி இல்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் செப்பு மருந்தை அங்கேயே ஊற்றலாமே என்றால், செப்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

ஆகவே நான்கு முதல் ஆறு வாரம் தனிமை. அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம்: சிறிய கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள சில பி.வி.சி. குழாய்த் துண்டுகள். செப்பு மருந்தை இங்கேதான் ஊற்ற வேண்டும்; கல்லும் மணலும் செப்பை உறிஞ்சிவிடும் என்பதால் அவை கூடாது. செப்பின் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராமுக்குள் நிற்கிறதா என்று டெஸ்ட் கிட்டில் தினமும் பார்க்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீனே சாகும். தட்டை வடிவ ஒட்டுப்புழுக்கள் இருந்தால், வெப்பமும் பி.எச்.சும் சமப்படுத்திய நல்ல நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மீனை வைத்தால் புழுக்கள் உதிரும். மீன் சாய்ந்து தடுமாறினால் உடனே எடுத்துவிட வேண்டும். தனிமைத் தொட்டிக்கென்று வைத்த வலையும் வாளியும் வேறெங்கும் போகக் கூடாது.

நோயைத் தாண்டிய மீனுக்கு அடுத்து ஊர்க்காரர்களின் சோதனை. தொட்டியில் முன்பே குடியிருக்கும் மீன் தன் எல்லையை விட்டுக்கொடுக்காது; டாம்செல் மீன் விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் தன்னைவிடப் பெரிய மீனைத் துரத்தித் துரத்தியே கொல்லும். ஆகவே சாதுவானவை முதலில், முரடானவை கடைசியில் என்பதே வரிசை. கோமாளி மீன்களில் கூட்டத்தின் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை பருவமடையாத குட்டிகள். ஜோடி சேர்ந்துவிட்ட தொட்டியில் மூன்றாவதாக வளர்ந்த ஒன்றை விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. சிங்கமீன் சண்டை போடாது. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கிவிடும்.

புது மீனை விடும் நாளில் கற்களைச் சற்று இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் அழிந்து எல்லோருமே புதியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பழைய மீன்களுக்கு வயிறார இரை போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மாலையில் விடுவது நல்லது. முரட்டு மீன் இருக்கும் தொட்டியில், துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் புது மீனை இரண்டு மூன்று நாள் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்டுத் திறக்கலாம். முதல் நாள் அது தின்னாமல் ஒளிந்திருந்தால் கவலை வேண்டாம். மூன்று நாளாகியும் தின்னவில்லை அல்லது துடுப்பு கிழிந்திருக்கிறது என்றால் பிரித்துவிட வேண்டும்.

ஒரே நேரத்தில் பல மீன்களைச் சேர்த்தால் கழிவு கூடும் வேகத்துக்கு பாக்டீரியா பெருகாது. அம்மோனியா மீண்டும் தலைதூக்கும். ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அடுத்த மீனுக்கு முன் தனிமைத் தொட்டியையும் அதன் வலை, வாளியையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். முழுவதும் உலர்ந்த பரப்பில் வெள்ளைப்புள்ளிக் கூடுகள் பிழைப்பதில்லை.