நடுக்கடலில் ஒரு குடித்தனம்

கடலுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஒரு கல் வீடு. வீட்டின் இரண்டு முனைகளிலும் இரண்டு கோபுரங்கள். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. கடை கிடையாது. வைத்தியர் கிடையாது. நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தியது என்றால் நம்புவீர்களா? தாய், தகப்பன், குழந்தைகள், கோழிகள் எல்லாம் சேர்ந்த குடும்பந்தான் அது!

அந்தப் பாறையின் பெயர் மட்டினிகஸ் பாறை. அமெரிக்காவில், மெயின் மாகாணத்துக் கடலில் இருக்கிறது. ராக்லாந்து என்ற துறைமுகத்திலிருந்து அங்கே போக சுமார் 25 மைல் கடலைத் தாண்டவேண்டும். பாறையின் மொத்தப் பரப்பே சுமார் 30 ஏக்கர்தான். கப்பல்கள் அதில் மோதி உடையாமல் இருக்க, 1827-ம் ஆண்டில் அங்கே கலங்கரை விளக்கம் அமைத்தார்கள். ஒன்றல்ல, இரண்டு விளக்கங்கள். அந்தக் கரையோரத்தில் வேறு விளக்கங்களும் உண்டு. அவற்றை இதுவென்று நினைத்து மாலுமிகள் ஏமாறக்கூடாது அல்லவா? இரட்டை வெளிச்சம் தெரிந்தால், அது மட்டினிகஸ்!

1853-ல் சாமுவேல் பர்கெஸ் என்பவர் விளக்குக் காவலராக அங்கே வந்து சேர்ந்தார். மனைவி நோயாளி, நடமாட முடியாதவள். மூத்த பிள்ளைகள் கரையிலேயே தங்கிவிட்டார்கள். சின்னப் பெண்கள் உடன் வந்தார்கள். அவர்களில் பெரியவள் அபி. அப்போது அவளுக்கு வயது 14.

விடிந்தால் துடைப்பு, பொழுது சாய்ந்தால் ஏற்றம்

இரண்டு கோபுரங்களிலும் கோபுரத்துக்கு 14 வீதம் மொத்தம் 28 விளக்குகள். மின்சாரம் இல்லாத காலம். எல்லாம் எண்ணெய் விளக்குகள். அந்த எண்ணெயும் திமிங்கிலத்திலிருந்து எடுத்தது. குளிர்காலத்தில் அது உறைந்துபோகும். சூடாக்கித்தான் ஊற்றவேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கின் சிம்னியைத் துடைத்தவர்களுக்கே அந்தச் சிரமம் தெரியும். அபிக்கு 28 சிம்னிகள்! ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்புவதற்கு வெள்ளிப் பூச்சுப் பூசிய குழிந்த தகடு உண்டு. அதில் கரி படிந்தால் வெளிச்சம் மங்கிவிடும். காலையில் விளக்குகளை அணைத்ததும் கரியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் நிரப்பவேண்டும். சூரியன் மறைந்ததும் ஏற்றவேண்டும். அத்துடன் படுத்துக்கொள்ள முடியுமா? இரவில் எழுந்து படியேறிப் போய்த் திரிகளைச் சரி செய்யவேண்டும்.

தகப்பனார் இந்த வேலைகளை அபிக்குக் கற்றுக்கொடுத்தார். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டால், அவர் சிங்கி இறால் பிடித்துக் கரையில் விற்று நாலு காசு சேர்க்கலாம். அம்மாவுக்குப் பணிவிடை, தங்கைகளுக்குச் சமையல், இத்தனைக்கும் நடுவில் கோபுரப் படிகள்! பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளுக்கு இதுதான் பள்ளிக்கூடம்.

தகப்பன் போனார், புயல் வந்தது

1856 ஜனவரி மாதம். வீட்டில் சாமான் குறைந்துவிட்டது. அம்மாவுக்கு மருந்தும் வேண்டும். சாமுவேல் படகேறிக் கரைக்குப் போனார். அபியின் அண்ணனும் அப்போது மீன்பிடிக்கப் போயிருந்தான். பாறையில் இருந்த ஆண்பிள்ளை யாரும் இல்லை. 16 வயது அபியிடம் எல்லாம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் போன பிறகு காற்று மாறியது. கடல் பொங்கியது. நாளுக்கு நாள் அலை உயர்ந்து, கடைசியில் பாறையின் மேலேயே ஏறிப் புரண்டது! அபி அம்மாவையும் தங்கைகளையும் கோபுரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கேதான் சுவர் கனம்.

அப்போது அவளுக்குக் கோழிகளின் நினைவு வந்தது.

வெளியே போகாதே என்று அம்மா தடுத்தாள். தடுக்காத தாய் உண்டா? ஆனால் அந்தப் பாறையில் கோழி என்பது விளையாட்டுப் பொருள் அல்ல. முட்டை கிடைக்கும் ஒரே வழி அதுதான். ஒரு அலை வடிந்து அடுத்த அலை வருவதற்கு இருந்த சிறு இடைவெளியில், அபி கூடையை எடுத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் ஓடினாள். ஒரே ஒரு கோழியைத் தவிர மற்றவற்றை அள்ளிக்கொண்டு வந்து கதவைத் தாழிட்டாள். ஜன்னலில் நின்ற தங்கை, ‘அதோ பெரிய அலை!’ என்று அலறினாள். அந்த அலை பழைய வீட்டைக் கல்லோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது!

புயல் ஓய்ந்த பிறகும் கடல் அடங்கவில்லை. நான்கு வாரங்கள் ஒரு படகும் பாறையை நெருங்க முடியவில்லை. தகப்பன் கரையில் தவித்தார். தன் பெண்டு பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த நான்கு வாரங்களில் ஒரு இரவுகூட மட்டினிகஸில் விளக்கு அணையவில்லை. 28 விளக்குகளையும் அபியே ஏற்றினாள். உடம்பு சோர்ந்துபோன நாட்களிலும் ஏற்றினாள்.

அடுத்த ஆண்டும் இதே கதைதான். கரைக்குப் போன தகப்பன் மூன்று வாரம் திரும்ப முடியவில்லை. உணவு தீர்ந்துகொண்டே வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோப்பை சோளமாவு, ஒரு முட்டை என்று பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். முதல் புயலில் அவள் ஏன் கூடையோடு ஓடினாள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

உத்தியோகம் போனது, கல்யாணம் வந்தது

1861-ல் லிங்கன் ஜனாதிபதியானார். ஆட்சி மாறினால் விளக்குக் காவலரையும் மாற்றுவது அந்நாளில் அங்கே வழக்கம். உயிரைக் கொடுத்து உழைத்தாலும் கட்சி பார்த்துத்தான் உத்தியோகம்! சாமுவேல் பர்கெஸ் மூட்டை கட்டினார். புதிதாக வந்தவர் ஜான் கிராண்ட். அவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதற்காக அபி பாறையிலேயே தங்கினாள். கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவருடைய மகன் ஐசக்கும் ஒருவர். விரைவில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அபியை அரசாங்கமே உதவிக் காவலராக நியமித்தது. அதுவரை சம்பளம் இல்லாமல் செய்த வேலைக்கு இனிமேல் சம்பளம்.

1875-ல் கணவனும் மனைவியும் வைட்ஹெட் என்ற வேறு கலங்கரை விளக்கத்துக்கு மாறினார்கள். அங்கும் அதே துடைப்பு, அதே ஏற்றம். 1892-ல் அபி காலமானாள். தன் கல்லறைக்கு மேல் கலங்கரை விளக்க வடிவில் ஒரு சின்னம் இருந்தால் நல்லது என்று அவள் எழுதியிருந்தாள். 1945-ல், எட்வர்ட் ரோ ஸ்னோ என்ற சரித்திர ஆசிரியர் அப்படியே ஒரு சிறிய விளக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். 1983-ல் மட்டினிகஸ் விளக்கு தானே இயங்கும் விளக்கானது. பிறகு அங்கே விளக்குக் காவலர் குடும்பங்கள் இல்லை.

கடைசிக் காலத்தில் அபி எழுதிய ஒரு கடிதத்தில், தனக்கு அடிக்கடி வரும் ஒரு கனவைச் சொல்லியிருக்கிறாள். வெகுநாள் எங்கோ போய்விட்டு அவள் மட்டினிகஸுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். பாதிக் கடல்தான் தாண்டியிருக்கிறது. பொழுது சாய்கிறது. இருட்டுவதற்குள் போய் விளக்கேற்றவேண்டும் என்று விரைகிறாள்.