எவர்சில்வர் ஆலமரம்

சித்திரம், சிற்பம் ஆகியவற்றைப் பற்றி எழுதும் தகுதி எனக்குக் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்தவன் நான். தில்லியில் ஒரு ரயில் நிலையத்தின் பார்சல் காரியாலயத்தில் மூட்டைகளை எடை போட்டு ரசீது எழுதுவது என் உத்தியோகம். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து தங்கியிருந்த பதினெட்டு நாட்களில் நான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. நம்மில் பலருடைய வீடுகளில் இதே வழக்கு இன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதை நான் அறிவேன்.

வழக்கு இதுதான். பையன் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான். அவன் தகப்பனார், அதாவது என் அத்தான், அதே ஊரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். முன்பு பித்தளையும் வெண்கலமும் விற்ற கடை. இப்போது பெரும்பாலும் எவர்சில்வர். பையன் ஒரே பிள்ளை. அவன் ரயிலேறுவதற்கு முன்பே அத்தானுடைய கடிதம் எனக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் பேசத் தயங்கும் விஷயங்களை இன்றும் கடிதத்தில் எழுதுகிறவர் அவர். "படம் போட்டுப் பிழைத்தவன் யார்? நீ புத்தி சொன்னால் கேட்பான். திரும்பி வரும்போது கடையில் உட்காரும் மனத்தோடு அவனை அனுப்பு" என்பது கடிதத்தின் சாரம். அவ்வாறே செய்வதாக நானும் பதில் எழுதிவிட்டேன்.

பையனுக்கு ஊர் சுற்றும் ஆசை அதிகமில்லை. குதுப் மினாரையும் செங்கோட்டையையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்டு, "நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள், மாமா" என்று கேட்டான். தலைநகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கும் நான் அதன் வாசல் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேனே தவிர, உள்ளே சென்றவனல்லன். இந்தியா கேட்டுக்கு அருகில், ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காகக் கட்டப்பட்ட மாளிகையில் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அந்தத் தேசியக் கலைக்கூடம். திங்கட்கிழமை விடுமுறை. என் வார ஓய்வு வேறு நாளில் வந்ததால் சௌகரியமாயிற்று.

அங்கே முதலில் என்னை நிற்க வைத்தது எனக்கு ஏற்கனவே பழக்கமான ஒரு சிலை. நால்வர் கம்புகளை முட்டுக்கொடுத்து ஒரு பாறையைப் புரட்டும் காட்சி. சென்னைக் கடற்கரையில் 1959 ஜனவரியில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையேதான். அதன் மற்றொரு வார்ப்பு. ரயில்வேத் தேர்வு எழுதச் சென்னைக்குச் சென்றபோது அந்தச் சிலையின் நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்தவன் நான். செய்தவர் யாரென்று கேட்க அன்று தோன்றவில்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்று பையன் சொன்னான். வங்காளத்தில் 1899-இல் பிறந்தவர். 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1957 வரை அங்கேயே இருந்தவர். நாம் பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். அவரோ எதிர்த் திசையில் போய் இருபத்தெட்டு வருஷம் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறார்! இதே தில்லியில் காந்தியடிகள் முன்னே நடக்க மற்றவர்கள் பின்தொடரும் தண்டி யாத்திரைச் சிலை உள்ளதே, ஊரார் 'பதினோரு மூர்த்தி' என்று அழைப்பது, அதுவும் அவர் உருவாக்கியதே.

பையன் அந்த நால்வருடைய முதுகுப் புறத்தை வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருச் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி, மெழுகு ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு அராவித் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இவர் தேய்க்கவில்லை, மாமா. களிமண்ணை விரலால் அழுத்திய தடம் வெண்கலத்தில் அப்படியே நிற்கிறது பாருங்கள். வேலை செய்கிறவனுடைய உடம்பு வழவழப்பாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது" என்றான். மூட்டை தூக்கும் போர்ட்டர்களைத் தினமும் பார்க்கும் எனக்கு இது உடனே விளங்கியது.

ஆனால் அவன் பார்க்க வந்தது வேறொன்று. புல்வெளியில் ஓர் ஆலமரம் நின்றது. அடிமரமும் கிளைகளும் எவர்சில்வர். இலைகளுக்குப் பதிலாகக் கொத்துக் கொத்தாகப் பாத்திரங்கள்! வாளி, குண்டான், கிண்ணம், கரண்டி என்று நம் சமையலறையே கிளையேறித் தொங்கியது. தில்லி வெயிலில் அதை ஏறிட்டுப் பார்க்கக் கண் கூசியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. "உன் அப்பா கடையை மரத்தில் மாட்டியது போல இருக்கிறதடா" என்றேன். "அதனால்தான் பார்க்க வந்தேன்" என்றான் அவன், சிரிக்காமல்.

இதைச் செய்தவர் சுபோத் குப்தா. இன்றும் தில்லியை அடுத்துள்ள பகுதியில் இருந்துகொண்டு பணிபுரிபவர். இந்தக் கூடத்தில் 2014-ஆம் ஆண்டு அவருடைய படைப்புகளின் பெரிய கண்காட்சி நடைபெற்றபோது இம்மரம் இங்கே வந்தது. 'தாதா' என்று பெயர். ஹிந்தியில் பாட்டனாரை அவ்வாறு அழைப்பார்கள் என்பது இங்குள்ள நம் குழந்தைகளுக்கும் தெரியும். இதுவரை கேட்டதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. அடுத்ததாகப் பையன் சொன்ன செய்திதான் என்னைப் பிடித்து இழுத்தது. பீகாரில் தானாப்பூர் ஸ்டேஷனை ஒட்டிய ககௌல் என்ற ரயில்வே ஊரில் 1964-இல் பிறந்தவராம் அவர். தகப்பனார் ரயில்வேயில் கார்டு. பையனின் சிறு வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். பிள்ளை உள்ளூர் நாடகக் குழுவில் சேர்ந்து நடித்து, பிறகு பாட்னா கலைக் கல்லூரியில் 1983 முதல் 1988 வரை படித்து, தில்லிக்கு வந்திருக்கிறார். ரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? டிபன் கேரியர் தெரியும், வாளி தெரியும், தட்டு தெரியும். தெரிந்ததைக் கொண்டே செய்திருக்கிறார்! 2006-இல் பாத்திரங்களைக் கோத்து ஒரு பெரிய மண்டையோடு செய்தார். அது பாரிஸிலும், மறு ஆண்டு வெனிஸ் நகரத்துக் கால்வாய்க் கரையிலும் வைக்கப்பட்டது. 2008-இல் அணுகுண்டுப் புகையின் வடிவத்தில் பாத்திரங்களையே வானளாவக் குவித்தார். அது பின்னர் தில்லி சாகேத்தில், கிரண் நாடார் கலைக்கூடத்தின் சார்பில் நிறுவப்பட்டது. அதைப் படத்தில் மட்டுமே பார்த்தேன். சோறு போடும் பாத்திரத்தைச் சாவின் உருவாக ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. என் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள், போகட்டும்.

இவ்வளவு சொன்ன பையன் மரத்தின் கீழ் நின்று ஒரு குறையும் சொன்னான்.

"எதிலும் பெயர் இல்லை, மாமா. கீழே நின்று பார்த்த வரையில் ஒரு பாத்திரத்தில்கூடப் பெயர் வெட்டவில்லை."

அவன் பத்து வயது முதல் கடையில் பெயர் வெட்டியவன். வாடிக்கைக்காரர் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர் சொல்லும் பெயரையும் தேதியையும் அதிரும் ஊசியுள்ள சிறு மிஷினால் விளிம்புக்குக் கீழே பொறித்துக் கொடுப்பது நம் ஊர்ப் பாத்திரக் கடைகளின் வழக்கம். "கடையில் இருக்கிற வரையில் அது வெறும் எவர்சில்வர். பெயர் வெட்டிய நிமிஷத்தில் ஒரு வீட்டுப் பொருளாகி விடுகிறது. அவர் பெரிய கலைஞர்தான். ஆனாலும் அவருடைய பாத்திரங்கள் இன்னும் கடையைவிட்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை" என்றான். உலகம் புகழும் ஒருவரை இரண்டாம் ஆண்டு மாணவன் இப்படிச் சொல்வதா என்று கடிந்துகொண்டேன். அவன் வாதாடவில்லை.

மறுநாள் பகலில் அவன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். வந்தவன் பார்சல் காரியாலயத்தில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து மூட்டைகளை வரையத் தொடங்கிவிட்டான். சாக்கு மூட்டை, துணியில் தைத்த மூட்டை, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய தகரப் பெட்டி எல்லாம் அவன் நோட்டுக்குள் போயின. குப்தாவே மூட்டைகளையும் வார்ப்பில் செய்திருக்கிறார் என்றான். அம்பாஸடர் டாக்ஸியின் மேற்பாதியை வைத்து, அதன் கூரை மேல் வெண்கலத்தில் வார்த்த மூட்டை முடிச்சுகளைக் கட்டியது 2004-ஆம் வருஷத்து வேலை. விமான நிலையத்தில் சாமான்கள் சுழன்று வரும் பட்டையின் மேல் அலுமினியத்தில் வார்த்த மூட்டைகளைச் சுழல விட்டது 2006-இல். வேலைக்காகக் கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறவர்களின் மூட்டைகளாம். அன்று மாலை வரையில் எடை போட்ட ஒவ்வொரு மூட்டையிலும் முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அரியலூருக்குப் போகும் ஒரு மூட்டைக்கு ரசீது எழுத மறந்து, கட்டியவருடைய பெயரை மட்டும் இரண்டு முறை எழுதிவிட்டேன்.

அன்றிரவு அவன் என் மனைவியிடம், "அத்தை, வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரங்களையெல்லாம் எடுத்துக் கொடுங்கள்" என்றான். மெல்லிய காகிதத்தைப் பாத்திரத்தின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தான். கருமையின் நடுவே வெள்ளையாக எழுத்துக்கள் எழும்பி வந்தன. தினமும் கையில் பிடிக்கும் சம்படத்தில் என் மாமியாரின் பெயர் இருப்பதை நான் அன்றுதான் வாசித்தேன்.

செய்தி எங்கள் குவார்ட்டர்ஸில் உள்ள நம்மவர் வீடுகளுக்குப் பரவிவிட்டது. அடுத்த நாலைந்து மாலைகளில் தூக்குகளும் குடங்களும் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. கல்யாணத் தேதிகள், ஊர்ப் பெயர்கள், புதுமனைப் புகுவிழாக்கள் எல்லாம் காகிதமேறின. சிலவற்றில் கடன் தீர்க்க விற்றுவிட்ட வீட்டின் கதவு எண் இருந்தது. அடுத்த வரிசையிலிருந்து ஓர் அம்மையார், வயது எழுபதுக்கு மேல், ஒரு பித்தளைச் செம்பைப் புடைவைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பழைய எழுத்து. பல வருஷம் புளி போட்டுத் துலக்கியதில் மழுங்கிக் கண்ணுக்குப் புலப்படாமற் போய்விட்டது. தம் தாயாரின் பெயர் அதில் உண்டென்று அவர் சொன்னார். அவர் மக்கள் நம்பவில்லை. பையன் மூன்று முறை தேய்த்தும் ஒன்றும் வரவில்லை. நாலாவது முறை பென்சிலை மாற்றிக் கரித்துண்டால் தேய்த்தபோது இரண்டு எழுத்துக்கள் தோன்றின. அம்மையார் அந்தக் காகிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பையன் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அவன் சேகரத்தில் நாற்பத்தாறு காகிதங்கள் இருக்கின்றன. நாற்பத்தேழாவது அந்த அம்மையாரிடம் உள்ளது.

இதெல்லாம் சோறு போடுமா என்ற கேள்வி எனக்கு மறந்துவிடவில்லை. ஒருநாள் அவனிடம் நேராகவே கேட்டேன். ராய் சௌத்ரிக்குப் பின் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வரான கே. ஸி. எஸ். பணிக்கர், 1966-ஆம் ஆண்டு கடற்கரையோரத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கிய வரலாற்றைச் சொன்னான். அந்த இளைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, மீந்த நேரத்தில் சித்திரம் எழுதினார்களாம். "குப்தாவும் படிக்கிற காலத்தில் பத்திரிகைக்குப் படம் போட்டுச் சம்பாதித்தவர்தான். நான் கடையை வேண்டாமென்று சொல்லவில்லை, மாமா. இன்னும் இரண்டு வருஷம் படிப்பை முடிக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்." இதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதில் தெரியாதபோது பெரியவர்கள் வழக்கமாகச் செய்வதைப் போல, "சரி, போய்ப் படு" என்றேன்.

அவன் ஊருக்குப் புறப்படும் நாளன்று எங்கள் வீட்டுப் பெரிய அடுக்கின் கடைசிப் பாத்திரத்தைத் தேய்த்தான். என் விவாகத்துக்கு அத்தான் சீராகக் கொடுத்தது. 'வாழ்த்துடன்' என்ற சொல்லும் தேதியும் காகிதத்தில் எழும்பின. பையன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது அப்பாவே வெட்டியது. 'ழ'வின் வாலை இப்படி மேலே இழுக்கிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார்" என்றான்.

அவனை வண்டியேற்றிவிட்டு வந்த அன்றே அத்தானுக்குக் கடிதம் எழுதினேன். எழுத்துத் தொழிலில் இருந்தும் மூன்று காகிதங்களைக் கிழித்தேன். ஆலமரத்தைப் பற்றி எழுதினால் அவர் நம்பமாட்டார் என்று விட்டுவிட்டேன். ரயில்வே கார்டு மகனின் கதையை மட்டும் நாலு வரியில் எழுதி, படிப்பை முடிக்கட்டும் என்பது என் விண்ணப்பம் என்றும், கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை என்றும் ஒப்புக்கொண்டு, 'வாழ்த்துடன்' காகிதத்தை உள்ளே மடித்து வைத்து அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் பதிலில்லை. பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றும், மழை இல்லை என்றும், பெயர் வெட்டுவதற்குக் கடையில் ஒரு பையனை மாதச் சம்பளத்துக்கு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி: "அந்த 'ழ' சரியாக விழவில்லை, அன்று மிஷின் புதிது."