ஒளிக்குத் தெரியாத குளுவான்

ஹிக்ஸ் துகள்தான் நம் எடைக்கெல்லாம் காரணமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நம் உடலின் அணுக்களில் இருக்கும் புரோட்டானின் மூன்று குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் தரும் நிறையைக் கூட்டினால், அதன் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மற்றதில் பெரும்பகுதி குவார்க்குகளின் ஓட்டத்திலும், அவற்றைக் கட்டிவைக்கும் குளுவான்களின் ஆற்றலிலும் இருக்கிறது.

குளுவானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஒளி அதை நேரடியாகத் தொடாது. ஆனாலும் ஒளியை வைத்தே அதை அளக்கிறார்கள். எனக்கு அலுக்காத அதிசயம் இது. ஆற்றல் மிக்க ஒளித்துகளான ஃபோட்டான் ஒன்று, கணநேரம் சார்ம் குவார்க்காகவும் அதன் எதிர்க்குவார்க்காகவும் பிரியக்கூடியது. புரோட்டானின் இரண்டு குளுவான்கள் அந்த இணையைப் பற்றினால், அது ஜே/சை என்ற துகளாக வெளியேறி, எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகச் சிதைந்து கருவியில் தடம் விடும். நெல் தூற்றுமுன் என் அப்பா ஒரு பிடி பதரை வீசிப் பார்ப்பார். அது விழும் இடம் காற்றைச் சொல்லிவிடும். சார்ம் இணைதான் இங்கே பதர்.

இரண்டு குளுவான்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பதால், குளுவான் அடர்த்தி இருமடங்கானால் ஜே/சை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். 1993இல் இயற்பியலாளர் ரிஸ்கின் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 2007 வரை இயங்கிய ஹாம்பர்க்கின் ஹீரா மோதுகளத்தில், ஆற்றல் கூடக்கூட ஜே/சை வேகமாகப் பெருகியது. அந்த உயர் ஆற்றலில் சிக்கும், புரோட்டானின் உந்தத்தில் மிகச் சிறு பங்கைச் சுமக்கும் குளுவான்கள் அவ்வளவு நெரிசலாக இருக்கின்றன!

அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் வேறு வழி. மெல்லிய வைரத் தகட்டில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி ஃபோட்டான்களை எடுக்கிறார்கள். ஜே/சை பிறக்கக் குறைந்தது 8.2 கிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அந்த விளிம்பை ஒட்டியே அளக்கிறார்கள். அங்கிருந்து 2023இல் வந்த ஒரு முடிவு, புரோட்டானின் நிறை அதன் மின்னூட்டத்தைவிடச் சிறிய இடத்தில் செறிந்திருப்பதாகச் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் புரோட்டான் என்றால் மூன்று உருண்டைகளை வரைந்து நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் இது. அதே சமயம், 2023 முடிவைத் தீர்ப்பாக நீட்டுவதும் தவறு. விளிம்பருகே இரு குளுவான் கணக்கு மட்டும் போதுமா என்ற விவாதம் ஓயவில்லை. சார்மைவிடக் கனத்த பாட்டம் குவார்க் இணையான அப்சிலானில் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கும். புரூக்ஹேவனில் அமையவிருக்கும் எலக்ட்ரான்-அயனி மோதுகளத்தின் திட்டத்தில் அந்த அளவீடும் இருக்கிறது.