வீட்டுக் கணிப்பொறியின் கோளாறும் சீரமைப்பும்

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கணிப்பொறி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பாடம், அலுவலகப் பணி, ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் காணும் வசதி, பல்லாண்டுப் புகைப்படங்கள் ஆகிய யாவும் அந்த ஒரு பெட்டியைச் சார்ந்து நிற்கின்றன. அது ஒருநாள் இயங்க மறுத்தால், புதியது வாங்கக் கடைக்கு விரைகிறோம்; அன்றேல், பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்து அவர் கேட்கும் தொகையைக் கொடுக்கிறோம். இவ்விரண்டிற்கும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கோளாறு எந்த உறுப்பில் உள்ளது என்பதை அறிதலே அது. மேசைக் கணிப்பொறியைக் கருத்திற்கொண்டு அதற்கான முறையைக் கூறுவோம்.

முதல் விதி, வெளியிலிருந்து உள்ளே செல்வது. இரண்டாவது விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்தது என்பது விளங்காது.

பொத்தானை அழுத்தியும் விளக்கோ விசிறியோ அசையவில்லையெனில், சுவரிலுள்ள மின்துளையில் மேசை விளக்கொன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். அது எரிந்தால், மின்கம்பியையும் பெட்டியின் பின்புறமுள்ள சிறு சுவிட்சையும் சோதிக்க வேண்டும். அவையும் செவ்வையாக இருப்பின், கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்பெட்டியின் மீது ஐயம் கொள்ளலாம். இதனை மாற்றலாமேயன்றித் திறத்தல் ஆகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியைத் தொடும்போது மின்சாரம் சுரீரென்று தாக்குமாயின், வீட்டின் ‘எர்த்’ இணைப்பைச் சோதிக்க மின்பணியாளரை அழைப்பதே முறை.

விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாவிடில், திரையின் கம்பியை முதலில் நோக்குவோம். பின்னர் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, ராம் எனப்படும் நினைவகப் பட்டையைக் கழற்றி, பிடிப்புகள் ‘க்ளிக்’ என்று பற்றும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். இரு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் பழுதானது எது என்று தெரிந்துவிடும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடுதல் அவசியம். டில்லி போன்ற இடங்களின் வறண்ட குளிர்காலத்தில் நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடக்கூடும்.

சிறிது நேரம் இயங்கித் தானே அணைந்துவிடும் கணிப்பொறிக்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். செயலி அளவு மீறிச் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னர்ப் பொறியே நின்றுவிடும். தூசி மிக்க ஊர்களில் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் அதனை அகற்றுதல் நன்று. ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தேதியும் நேரமும் பிழையாகத் தோன்றினால், உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். பெரும்பாலான பொறிகளில் அது சி.ஆர். 2032 எனும் 3 வோல்ட் வகை. விலை மிகச் சொற்பம்.

இனி, மந்தமாக இயங்கும் கணிப்பொறியைப் பார்ப்போம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மானேஜர் தோன்றும். வேலை தேங்கும் தருணத்தில் நினைவகம் நிரம்பியிருப்பின், ராமைப் பெருக்குதல் பயன் தரும். நினைவகத்தில் இடமிருந்தும் டிஸ்க் நூறு விழுக்காட்டிலேயே நிற்குமாயின், ஹார்டு டிஸ்க்கே தடை எனப் பெரும்பாலும் கொள்ளலாம். எப்போதும் செயலியே நூறில் நிற்குமாயின், இவ்விரண்டிற்கும் செலவிடுவதால் பெரும் பயனில்லை.

ஹார்டு டிஸ்க் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. ஒரு தகவலைத் தேடி எடுக்க அதற்கு ஏறத்தாழ 10 மில்லிசெகண்டு பிடிக்கிறது. சுழலும் உறுப்பு ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கு காலமே போதும். கணிப்பொறி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால், இந்த ஒரு மாற்றமே பழைய பொறியைப் பெரிதும் விரைவுபடுத்தும். ராம் வாங்கும்போது வகையறிதல் முக்கியம். டி.டி.ஆர். 3, 4, 5 ஆகியவற்றின் வெட்டுப்பள்ளங்கள் வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

செலவிடுமுன் மற்றொன்றையும் எண்ண வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பும் ஏற்கப்பட்ட செயலியும் தேவை. அவை இல்லாத பொறியை லினக்ஸ் கொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம். எனினும் நமக்கு இன்றியமையாத மென்பொருள்கள் அதில் இயங்குமா என்று முன்னதாக அறிந்துகொள்வது நலம்.

கடைக்குச் செல்லும்போது, மதர்போர்டின் பெயரையும் ராமின் வகையையும் ஒரு தாளில் எழுதிச் செல்லுதல் நன்று. டில்லி நேரு பிளேஸாயினும், மும்பை லாமிங்டன் சாலையாயினும், பெங்களூரு எஸ்.பி. சாலையாயினும், அவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வராத குறையை அச்சீட்டு நிரப்பிவிடும். வேண்டாத பொருளையும் நம் தலையில் கட்ட இயலாது.

இறுதியாக, பொருளைவிட அரியது ஒன்றைப் பற்றிக் கூறுவோம். ராமும் மின்பெட்டியும் கெட்டால் வேறு வாங்கலாம். டிஸ்க்கில் உள்ள புகைப்படங்களை வாங்க இயலாது. டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி எழுமாயின் உடனே பொறியை நிறுத்தி, தகவல்களை மீட்கும் வல்லுநரிடம் அதனைக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள டிஸ்க்காயினும், மாற்றங்கள் செய்யுமுன் படங்களையும் ஆவணங்களையும் வேறோரிடத்தில் நகலெடுத்தல் கடமை. நகலைச் சரிபார்த்த பின்னரும் பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடலாகாது. அதிலுள்ள வங்கித் தாள்களையும் குடும்பப் படங்களையும் பிறர் எடுத்துவிட முடியும். முற்றும் அழித்த பின்னரே, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் அதனைச் சேர்ப்பிக்க வேண்டும்.