பறக்கும் அணிலும் விசிலடிக்கும் குருவியும்: நெல்லை மலையில் நிஜமா பறப்பது எது?

நெல்லை:-

பாபநாசம், மணிமுத்தாறு மலைக்காட்டில் ராத்திரி நேரம் மரத்துக்கு மரம் பாய்கிறது பறக்கும் அணில். அதே காட்டில் விடியும் முன்பே ஓடைக்கரையில் விசில் சத்தம் கேட்கும். யாரோ சின்னப் பையன் அடிக்கிறான் என்று திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. அது சீகாரப் பூங்குருவி.

பெயரில்தான் பறக்கும்

அணிலுக்கு றெக்கை கிடையாது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் போர்வை மாதிரி தோல் இருக்கு. உயரமான மரத்தில் ஏறி, கால்களை விரித்து குதிக்கும். காற்றில் சறுக்கி அடுத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். கிளம்பிய உயரத்தை விட கீழேதான் இறங்க முடியும். மறுபடி மேலே போக வேண்டுமானால் மரம் ஏறித்தான் ஆக வேண்டும். எலி இனத்துக்கு சொந்தக்கார பிராணி, குட்டி போட்டு பால் கொடுக்கும். மரப்பொந்துதான் வீடு.

குருவி கதை வேறு

சீகாரப் பூங்குருவி சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். கருப்பு உடம்பு, நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். றெக்கை அடித்து மேலேயும் போகும், ஓடையை தாண்டியும் போகும். ஓடையோர பாறை இடுக்கில் கூடு கட்டி முட்டை இடும். பூச்சி, நத்தை, நண்டு பிடித்து தின்னும்.

யாருக்கு ஆபத்து?

காட்டில் நடுவே மரங்களை வெட்டி வெட்டவெளி ஆக்கினால் குருவி பறந்து தாண்டிவிடும். அணிலுக்கு வழி அடைபட்டுப் போகும். தரையில் இறங்கினால் வேகமாக ஓடத் தெரியாது. சிறுத்தை, நாய் கையில் சிக்கும். பொந்து உள்ள கிழட்டு மரத்தை சாய்த்தால் வீடும் போச்சு.

குருவிக்கு மரம் மட்டும் போதாது. ஓடையும் சுத்தமாக இருக்கணும். அருவிக்கு போகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டையும் பிளாஸ்டிக்கையும் வீசிவிட்டு வந்தால் அது இரை தேடும் இடமே கெட்டுப் போகும்.

நமக்கு என்ன?

களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை 1988-ல் ஒன்று சேர்த்துதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. இந்த மலைக்காடு மழைத்தண்ணீரை பிடித்து வைத்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் தாமிரபரணி ஓடுகிறது. நெல்லை, தூத்துக்குடி மக்கள் குடிப்பதும் வயலுக்கு பாய்வதும் அந்த தண்ணீர்தான். அணிலுக்கு தேவையான பெரிய மரமும், குருவிக்கு தேவையான சுத்தமான ஓடையும் நமக்கும் சேர்த்துதான்.

அடுத்த தடவை அருவிக்கு போகும்போது கொண்டு போன குப்பையை கையோடு திருப்பிக் கொண்டு வாங்க. விடியற்காலையில் ஓடைப்பக்கம் விசில் கேட்டால் கொஞ்சம் சத்தம் போடாமல் நின்று கேளுங்க.